பயிற்சி முடிக்காமல் பாடம் நடத்தும் டீச்சர்களுக்கு

பி.எஸ்சி. கணிதம் முடித்த கையோடு ஒரு மெட்ரிக் பள்ளியில் சேர்ந்து, ஆறு வருடம் ஏழாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா நடத்தினேன். அத்தனை வருடமும் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே ‘அன்டிரெயின்டு’ என்றே இருந்தது. அந்தச் சொல்லை மாற்ற எனக்கு மூன்று வருடம் ஆனது. அதில் ஒரு வருடம் வீண். உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது.

முதலில் எந்த வகுப்புக்கு நடத்தப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ஒன்று முதல் ஐந்து வரை என்றால் பிளஸ் டூவுக்குப் பிறகு படிக்கும் டி.எல்.எட். என்ற தொடக்கக் கல்வி ஆசிரியர் பயிற்சிப் பட்டயம், இரண்டு வருடம். ஆறாம் வகுப்பு முதல் என்றால் டிகிரியோடு பி.எட்., அதுவும் இரண்டு வருடம். பி.எட். இருந்தால் தொடக்க வகுப்பும் எடுக்கலாம் என்ற 2018 அறிவிப்பு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொல்லிவிட்டது.

நம்மில் பலர் ஏமாறுவது தபால்வழி பி.எட்.டில்தான். ‘ஆறு வருட அனுபவம் இருக்கிறதே, அது போதும்’ என்று ஒரு மையத்தில் சொன்னதை நம்பி 40,000 ரூபாய் கட்டினேன். அனுபவம் மட்டும் போதாது. ஏற்கெனவே டி.எல்.எட். போன்ற பயிற்சியை நேரடியாகப் படித்தவர்களுக்குத்தான் தொலைதூர பி.எட். வெறும் டிகிரி என்றால் ரெகுலர் கல்லூரிதான். பணம் கட்டும் முன் அந்தக் கல்லூரிக்கு தேசிய ஆசிரியர் கல்விக் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அந்தக் கழகத்தின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். டிகிரியில் 50 சதவீதம் கேட்பார்கள். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு.

ரெகுலர் என்றால் வேலையை விட வேண்டிவரும். நானும் விட்டேன். வீட்டில் பேசி, இரண்டு வருடச் செலவுக்கு வழி பார்த்துவிட்டுச் சேருங்கள்.

ஆறு வருடம் நடத்தியவளுக்கு அங்கே கற்க என்ன இருக்கிறது என்றுதான் போனேன். டீச்சிங் பிராக்டீஸின்போது வழிகாட்டி ஆசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என் வகுப்பைப் பார்த்தார். மணி அடித்ததும் அருகில் வந்து, “கேள்வி கேட்டுட்டு நீயேம்மா பதிலும் சொல்லிடுற. கேட்டதும் மனசுக்குள்ள அஞ்சு எண்ணு” என்றார். மறுநாள் எண்ணினேன். மூன்று எண்ணும்போது, அதுவரை வாயே திறக்காத ஒரு பிள்ளை கை தூக்கினாள். இன்றும் எண்ணுகிறேன்.

அப்புறம் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு. முதல் தாள் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை நடத்துபவர்களுக்கு, இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டு வரை. 150 மதிப்பெண்ணுக்குப் பொதுப் பிரிவில் 90 வேண்டும். பி.எட். இறுதியாண்டிலேயே விண்ணப்பிக்கலாம், ஒருமுறை தேறினால் ஆயுளுக்கும் செல்லும். நமது பாடநூல்களையே வரிவரியாகப் படியுங்கள். குழந்தை உளவியலுக்கு 30 மதிப்பெண். கணக்கு டீச்சர்கள் அதைத்தான் கடைசிக்குத் தள்ளுவோம், தள்ளாதீர்கள்.

சான்றிதழ் வந்ததும் நகலைப் பள்ளி அலுவலகத்தில் கொடுங்கள். பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேரே மாற்றி எழுதும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.