"சார், பர்சனல் லோன் வேணுமா?"

வட்டி எவ்வளவு என்று பார்க்கத்தான் ஒரு தளத்தில் நம்பரைக் கொடுத்தேன், கடன் வாங்கக்கூட இல்லை. மறுநாள் பல் துலக்கும்போதே ஆரம்பித்த அழைப்புகள் ராத்திரி சாப்பாடு வரை ஓயவில்லை. 1909-க்கு அழைத்து, விளம்பர அழைப்புகளைத் தடுக்கும் டிஎன்டி போட்டேன். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை.

அப்புறம் டிராயரில் கிடந்த பழைய பட்டன் போனில் ஒரு புது சிம்மைப் போட்டேன். வங்கிக்கும் ஆதாருக்கும் பழைய நம்பர்; கடை, கூப்பன், கண்ட கண்ட ஆப் எல்லாவற்றுக்கும் இதுதான். ஓடிபி வேண்டுமென்றால் எடுத்துப் பார்ப்பேன். ரீசார்ஜை மட்டும் மறக்கக்கூடாது, 90 நாள் சும்மா விட்டால் நம்பரே பறிபோய், பின்னால் யாரோ ஒருவர் கைக்கு நம் ஓடிபி போகலாம். அதனால் ஜிமெயிலுக்கு எஸ்எம்எஸ் ஓடிபியை விட்டுவிட்டு, போனிலேயே குறியீட்டை உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப்புக்கு மாறினேன்.

பட்டன் போன் இப்போதும் அதிர்கிறது, டிராயருக்குள்.