போர்க்காலப் பாட்டுத்தாள்களைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் வடக்குக்கும் இடையே அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–65) நடந்தபோது இசைத்தட்டு கிடையாது. புதுப் பாட்டு வீடுகளுக்கு அச்சுத்தாளாகத்தான் வந்தது: அட்டையில் பெரும்பாலும் ஒரு படம், உள்ளே பியானோவுக்கான சுரக்குறிப்பும் வரிகளும். இன்று பல நூலகங்கள் அவற்றை ஸ்கேன் செய்து பொதுவில் வைத்திருக்கின்றன.

அவற்றைப் படிப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, பாட்டின் அரசியல் நியாயமாக இருந்தால் அதில் இனக் கேலியும் இருக்காது என்று நம்பிவிடுவது. ஹென்றி கிளே வொர்க் 1862இல் எழுதிய 'கிங்டம் கமிங்' பாட்டைப் பாருங்கள். வடக்கின் போர்ப்படகுகளைக் கண்டு பண்ணை முதலாளி ஓடிப்போகிறான். அடிமைகள் கங்காணியை அடைத்துப் பூட்டிவிட்டுச் சாவியைக் கிணற்றில் போடுகிறார்கள். வெயிலில் கறுத்த முகத்தோடு, தானே தப்பி வந்த அடிமை என்று முதலாளி வடக்குப் படையை ஏமாற்றப் பார்ப்பான் என்ற கிண்டல் வேறு. அடிமைகள் தப்ப உதவியதற்காக மிசௌரியில் சிறையிருந்தவர் வொர்க்கின் அப்பா. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த பாட்டுகூட, கறுப்பர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று வெள்ளையர்கள் மேடைக்காகச் சமைத்த கொச்சையில்தான் இருக்கிறது. அதைப் பரப்பியவர்களும் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலியாக நடித்து ஆடிய மின்ஸ்ட்ரல் குழுக்கள்தான். முதலாளியை அது தைரியமாகவே நையாண்டி செய்தது, சரி. அதற்காகக் கறுப்பர்களுக்குச் செய்த அவமதிப்பைத் தள்ளுபடி செய்ய முடியாது.

அப்புறம், இந்த வரிகளை அடிமைகளின் சொந்தக் குரலாக மேற்கோள் காட்டாதீர்கள். அடிமைகளாக இருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இலும் ஹேரியட் ஜேக்கப்ஸ் 1861இலும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். அந்தக் குரலை அங்கே தேடுங்கள்.

அட்டைப் படத்தை நடந்ததற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வதும் தவறு. தெற்கின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ் 1865 மே 10 அன்று ஜார்ஜியாவில் பிடிபட்டபோது மனைவியின் மேலங்கியும் சால்வையும் அணிந்திருந்தார். அட்டைப்படம் வரைந்த ஓவியர்களுக்கு அது போதவில்லை. முழுப் பாவாடையே கட்டிவிட்டார்கள். தோற்றவனை இழிவுபடுத்தப் பெண்ணுடை போதும் என்று நினைத்ததும் ஒரு கேலிதான், அது பெண்கள் மீதானது. பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

கடைசியாக, அட்டையின் அடியில் உள்ள ஊரையும் ஆண்டையும் வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் பகிராதீர்கள். ஊர் மட்டும் தெரிந்தாலும் போதாது. நியூ ஆர்லியன்ஸில் அச்சான தாள் என்றால் தெற்கின் குரல் என்று தோன்றும். ஆனால் 1862 மே மாதத்திலிருந்து அந்த நகரம் வடக்குப் படையின் பிடியில் இருந்தது.