எல்லையோர ஊர்களை வரைபடத்தில் ஏற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையையொட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கல்லூரி மாணவர்கள் நால்வர் அண்மையில், தன்னார்வலர்கள் கூடி வரையும் திறந்த இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தங்கள் ஊர்களை வரையத் தொடங்கியுள்ளனர். அவர்களுள் ஒருவர், செல்பேசியில் ஒரு நிறுவனத்தின் வரைபடத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாக மடிக்கணினியில் தட்டச்சு செய்துகொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு மனம் பதறிவிட்டது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நானும் அதையேதான் செய்தேன். சாலை சற்று வளைந்துவிடுவதும் கட்டடம் ஓரடி விலகி நிற்பதும் கை பழகினால் தாமாகவே சரியாகிவிடும் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பிறர் வரைபடத்தைப் பார்த்துப் பெயர் எழுதுவது

முதல் மூன்று மாதங்களில் எருத்தேன்பதி, ஒழலப்பதி சுற்றுவட்டாரத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட பெயர்களை ஏற்றியிருந்தேன். அவற்றுள் பாதிக்கும் மேல் நான் கால் வைத்தறியாத இடங்கள். ஒருநாள் மூத்த தன்னார்வலர் ஒருவரிடமிருந்து செய்தி வந்தது: "இந்த இரண்டு ஏரிகளின் பெயர்களை எங்கிருந்து எடுத்தீர்கள்?" நேரில் போய்ப் பார்த்தேன். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா, "பெரிய ஏரி கெழக்கால இருக்குதுங்க, இது சின்ன ஏரி" என்றார். நான் பார்த்தெழுதிய வரைபடத்தில் இரண்டு பெயர்களும் இடம் மாறியிருந்தன. என் பதிவிலும் அதே மாற்றம் அப்படியே இருந்ததால், அந்தப் பிழையே நான் எங்கிருந்து எடுத்தேன் என்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அதன்பின் என் மூன்று மாத வேலை முழுவதும் நீக்கப்பட்டது. அது எனக்கு நேர வேண்டியதுதான். ஆனால் நான் இட்ட புள்ளிகளின்மேல் வேறு இருவரும் வேலை செய்திருந்தார்கள். அவர்களுள் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வெயிலில் நடந்து, பேருந்து நிறுத்தங்களையும் குடிநீர்க் குழாய்களையும் நேரில் கண்டு சேர்த்தவர். எது அவருடையது, எது நான் நகலெடுத்தது என்று பிரித்தறிய முடியாத இடங்களிலெல்லாம் அவர் உழைப்பும் சேர்ந்தே போயிற்று. அவர் அதன்பின் திரும்பவே இல்லை. இன்றும் இதை நினைத்தால் எனக்கு ஆறுவதில்லை.

"பெயர்தானே, ஊருக்குப் பொதுவானதுதானே" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். ஊரின் பெயர் பொதுவானதுதான். அதைத் தொகுத்து வைத்திருக்கும் நிறுவனத்தின் தரவு பொதுவானதன்று, அதை நகலெடுக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. 2004-இல் தொடங்கிய இந்த வரைபடத்தை, மூலத்தைக் குறிப்பிடுதல் போன்ற சில நிபந்தனைகளின்பேரில், யாரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம். 2015 சென்னை வெள்ளத்தின்போது நீர் தேங்கிய தெருக்களை மக்களே குறித்துக் காட்டியது இதன்மேல்தான். நாளை எவரேனும் உரிமை கோரக்கூடிய ஒரு வரி உள்ளே இருந்தாலும் அந்த உறுதி ஆட்டம் கண்டுவிடும். இதில் இத்திட்டம் எவ்வளவு கண்டிப்பானது என்பதற்கு 2012-ஆம் ஆண்டே சான்று: உரிமம் மாறியபோது, புதிய உரிமத்தை ஏற்காதவர்கள் வரைந்தவை, ஆண்டுக்கணக்கான உழைப்பாக இருந்தும், நீக்கப்பட்டன.

செயற்கைக்கோள் படத்திலும் இதே கவனம் வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பிங் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைய 2010 முதல் அனுமதி உண்டு. அதனால் எல்லா நிறுவனங்களின் படங்களுக்கும் அனுமதி உண்டென்று கொள்ளக் கூடாது. தொகுப்புக் கருவியிலேயே பின்னணியாகக் கிடைக்கும் படங்களோடு நின்றுகொள்ளுங்கள். பெயர்களுக்கு ஊர்ப் பலகையும் ஊர் மக்களின் வாயும் போதும். தெரியாத பெயரை வெற்றாக விட்டுவிடுங்கள்; அங்கே வாழும் ஒருவர் என்றேனும் நிரப்புவார்.

ஒரு மொழிப் பெயரை அழித்து மறுமொழிப் பெயரை எழுதுவது

சித்தூர் வட்டத்தின் இந்தப் பகுதியில் கடைப் பலகைகள் இரு மொழிகளிலும் இருக்கின்றன. ஒருவர் மலையாளத்தில் எழுதியதை மற்றொருவர் அழித்துத் தமிழில் எழுத, மறுவாரம் அது மீண்டும் மலையாளமாக மாறிய கதை எங்களிடம் உண்டு. ஓர் ஊரின் பதிவிலேயே தமிழ்ப் பெயரையும் மலையாளப் பெயரையும் எழுதத் தனித்தனி இடங்கள் இருக்கும்போது இந்தச் சண்டைக்குத் தேவையே இல்லை. ஒரே ஊரைத் தமிழர் எருத்தேன்பதி என்றும் மலையாளிகள் எருத்தேம்பதி என்றும் எழுதினால், இரண்டும் நிலைத்திருக்கட்டும்.

வீட்டுக்கு ஆள் பெயர் இடுவது

கூடாது.

குறிப்பு எழுதாமல் சேமிப்பது

"நேரில் பார்த்தது, வேலந்தாவளம் சாலை" என்று ஒரு வரி எழுதுங்கள்.

முன்னவர் வரைந்ததை அழித்துவிட்டுப் புதிதாக வரைவது

ஏரியின் கரை சரியாக அமையவில்லை என்றால் இருக்கும் கோட்டையே நகர்த்தித் திருத்துங்கள். அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தால், முதலில் வரைந்தவர் யார், எப்போது, எதைப் பார்த்து வரைந்தார் என்னும் வரலாறு புதிய கோட்டோடு வராது. பின்னால் ஐயம் எழும்போது அதைத்தான் முதலில் தேடுவோம். அந்தச் சின்ன ஏரியை நான் மறுபடி வரைந்தபோது, பெயருக்கான ஆதாரமாக, கரையில் கேட்டறிந்தது என்று தேதியோடு எழுதி வைத்தேன்.