12 குறிப்பேடு, ஒரே கதை

மானுடவியல் மாணவர்கள் 12 பேரை முதல்முறை வெளிநாட்டுக் களப்பயிற்சிக்கு அழைத்துப் போனபோது விசா, காப்பீடு, தங்குமிடம் எல்லாம் கச்சிதம். திரும்பி வந்து குறிப்பேடுகளைப் பிரித்தால், பன்னிரண்டிலும் ஒரே ஆள் சொன்ன ஒரே கதை! எல்லாரும் ஒரே விடுதியில் தங்கி, ஒரே மொழிபெயர்ப்பாளர் பின்னால் கூட்டமாகப் போயிருக்கிறார்கள். ஏற்பாடு செய்தவன் நான்தான்; யாரைக் குறை சொல்ல?

மறுமுறை விடுதியே வேண்டாம் என்று, இரண்டிரண்டு பேராக வெவ்வேறு வீடுகளில் தங்கவைத்தேன். கிளம்புவதற்கு எட்டு வாரம் முன்பே மொழி வகுப்பு தொடங்கியது. களப்பணிக்கு முன்னோடியான மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி 1915 முதல் 1918 வரை இரண்டு கட்டமாக இன்றைய பப்புவா நியூ கினியில் உள்ள டிரோப்ரியண்ட் தீவுகளில் தங்கி, தீவு மக்களின் மொழியிலேயே பேசப் பழகினார். நமக்குக் கிடைப்பது ஐந்து வாரம். நலம் விசாரிக்கவும் உறவுமுறை கேட்கவும் தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

பகலில் எடுத்த சுருக்கக் குறிப்பை அன்றிரவே விரித்து எழுதிவிட வேண்டும் என்று கறாராகச் சொன்னேன். தூங்கி எழுந்தால் ஊர்க்காரர்கள் பேசிய வார்த்தைகள் போய், நம் கருத்து மட்டும்தான் மிஞ்சும். குறிப்பேட்டில் பார்த்தது ஒரு பக்கம், நமக்குத் தோன்றியது எதிர்ப்பக்கம்.

பல நாடுகளில் சுற்றுலா விசாவில் ஆய்வு செய்ய முடியாது. தனி அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகும். கையெழுத்து என்றாலே ஊர்க்காரர்கள் சிலர் மிரள்வார்கள் என்பதால், அவர்களிடம் வாய்மொழிச் சம்மதம் பெற ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் முன்பே ஒப்புதல் வாங்கிக்கொண்டேன்.

ஒரு ஜோடிக்கு மட்டும் வீட்டுக்காரருடன் ஒத்துப்போகவில்லை. மாற்று வீடு ஒன்று கைவசம் இருந்ததால் தப்பித்தேன்.