மார்ச் செட்டில்மென்ட், ஏப்ரல் தடைக்காலம்: கார்டு கடனைக் குறைத்து முடிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரெடிட் கார்டில் பாக்கி வைத்திருப்பவர்களுக்குப் பிப்ரவரி கடைசியிலிருந்தே போன் கூடும். மார்ச் 31-ல் வங்கியின் ஆண்டுக் கணக்கு முடிகிறது. அதற்குள் வாராக்கடனில் கொஞ்சமாவது வசூலித்துக் காட்டவேண்டும். "இந்த மாசத்துக்குள்ள முடிச்சா பாதிதான் சார்" என்ற பேச்சு அப்போதுதான் வரும். பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் கட்டி, மீதியைத் தள்ளுபடி செய்ய வைத்துக் கணக்கை முடிப்பதைத்தான் செட்டில்மென்ட் என்கிறார்கள். பேரம் பேச நல்ல நேரம்தான். சிக்கல் தவணைத் தேதியில் இருக்கிறது.

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டி பக்கம் விசைப்படகை நம்பி வாழும் குடும்பத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுக்காரர் மட்டுமல்ல, கூலிக்குப் போகிறவர், ஐஸ் ஏற்றுகிறவர், மீன் வண்டி ஓட்டுகிறவர், எல்லார் கையும் அப்போது காய்ந்துவிடும். மார்ச்சில் மூன்று தவணைக்கு ஒப்புக்கொண்டால், இரண்டாவதும் மூன்றாவதும் நேராகத் தடைக்காலத்தில் வந்து விழும். ஒரு தவணை தவறினால் தள்ளுபடி ரத்து, கட்டியது பழைய பாக்கியில் கழியும் என்பதுதான் வங்கி தரும் செட்டில்மென்ட் கடிதங்களில் வழக்கமாக இருக்கும் நிபந்தனை. மார்ச்சில் 30,000 ரூபாய் கட்டியிருந்தாலும் அது வட்டியில் கரைந்துபோய், ஜூலையில் முழுப் பாக்கியோடு மறுபடி போன் வரும்.

ஆகவே தொகையைப் பேசும் முன்பே தேதியைப் பேசுங்கள். தடைக்கு முன் ஒரே தடவையில் முடிக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அடுத்த தவணையை ஜூலையில் வைக்கச் சொல்லுங்கள். ராமேஸ்வரத்தில் லாட்ஜ், ஆட்டோ, கடை என்று இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு: மே விடுமுறையும் ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டமும்தான் அவர்களுக்குக் கை ஓடும் நேரம். எந்த மாதம் கையில் காசு நிற்கும் என்று எழுத்தில் சொல்லிக் கேட்டால் வங்கி மறுக்கலாம். ஆனால் கேட்காதவருக்கு நிச்சயம் கிடைக்காது.

தேவையில்லாமலே செட்டில்மென்ட்டுக்குப் போவது

"மூணு மாசம் கட்டாம விடுங்கண்ணே, அவனே இறங்கி வருவான்" என்று படகுத் துறையில் யோசனை சொல்ல ஆள் இருக்கும். 90 நாள் பாக்கி நின்றால் அது வாராக்கடன் கணக்கில் சேரும், அதற்குப் பிறகு வங்கி பேரத்துக்கு வரலாம் என்பது உண்மை. அந்த மூன்று மாதத்துக்கு என்ன விலை என்பதை அவர் சொல்லமாட்டார். மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் ஒரு லட்சத்துக்கு 3,500 ரூபாய்; அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 630. தாமதக் கட்டணம் இல்லாமலே மாதம் 4,130.

வருமானம் வரும், ஆனால் இரண்டு மாதம் தள்ளி வரும் என்கிற நிலை என்றால் பாக்கியைக் குறைந்த வட்டியில் இஎம்ஐ-யாக மாற்றித் தரும்படி கேட்பதே மேல். செட்டில்மென்ட் முடித்த கணக்கு, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'குளோஸ்டு' என்று வராது, 'செட்டில்ட்' என்று வரும். வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். ரிசர்வ் வங்கி 2023 ஜூனில் வெளியிட்ட விதிப்படி, விவசாயக் கடன் தவிர்த்த கடன்களில், சமரசம் செய்துகொண்டவருக்கு அதே வங்கி குறைந்தது 12 மாதம் புதுக்கடன் தரக்கூடாது. அடுத்த வருடம் இன்ஜின் மாற்றவோ வீடு கட்டவோ கடன் கேட்கப்போகிறவர் இதை யோசிக்காமல் இறங்கினால், இங்கே மிச்சம் பிடித்ததை அங்கே இழப்பார்.

வாட்ஸ்அப் சட்டத்தை வைத்து வாதாடுவது

"30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்கக்கூடாது, தீர்ப்பே இருக்கு" என்று இன்னும் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அதை எடுத்து நீட்டினால் எதிரில் இருப்பவர் சிரிப்பார்.

வேலைக்கு ஆகிற கேள்வி வேறு. பாக்கியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்: தேய்த்தது எவ்வளவு, வட்டி எவ்வளவு, தாமதக் கட்டணம் எவ்வளவு, வரி எவ்வளவு? கட்டாத கட்டணங்களையும் வரியையும் அசலோடு சேர்த்து அதன் மேல் வட்டி போடக்கூடாது என்பது 2022-ம் ஆண்டு ரிசர்வ் வங்கி விதி. பிரித்த கணக்கு கைக்கு வந்ததும் அசலை வைத்துப் பேசுங்கள். உதாரணமாக, அசல் 60,000, மொத்தம் 1,10,000 என்றால், "85,000-க்கு முடிச்சுத் தர்றேன்" என்கிற முதல் தொகை சலுகையே இல்லை. அசலுக்கு மேல் 25,000 கேட்கிறார்கள். கட்ட முடியாத காரணத்துக்கு மருத்துவமனை பில், படகு பழுதான ரசீது, விசா ரத்தான தாள் என்று எது இருக்கிறதோ அதை இணைத்துக் கடிதமாகக் கொடுங்கள். போனில் அழுவதை யாரும் பதிவேட்டில் ஏற்றுவதில்லை.

வாய்ப் பேச்சை நம்பிப் பணம் போடுவது

நான் கேள்விப்படும் நஷ்டங்களில் பெரும்பகுதி இந்த ஒரு தவறில்தான். கலெக்‌ஷன் ஆள் வருவார், இன்றே கட்டினால் இவ்வளவுதான் என்பார், தன் ஜிபே எண்ணைத் தருவார். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அடுத்த மாதம் வேறு ஏஜென்சிக்கு மாறிவிட்டால் உங்கள் பணத்துக்கு யார் பொறுப்பு?

வங்கியின் லெட்டர்ஹெட்டில், அல்லது வங்கியின் சொந்த மின்னஞ்சலிலிருந்து, கடிதம் வரும்வரை ஒரு ரூபாயும் போகக்கூடாது. அதில் கார்டின் கடைசி நான்கு எண், மொத்தப் பாக்கி, முடிவான தொகை, ஒவ்வொரு தவணையின் தேதி, இதைக் கட்டினால் மீதி முழுவதும் தள்ளுபடி, இனி கோரிக்கை எதுவும் இல்லை என்ற வாசகம் எல்லாம் இருக்கவேண்டும். கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணுக்கு நீங்களே போன் செய்து, கடிதம் அவர்களுடையதுதானா என்று கேளுங்கள். பணம் அந்தக் கார்டுக் கணக்குக்கே போகவேண்டும். கடனை வேறு நிறுவனத்துக்கு விற்றுவிட்டோம் என்று சொன்னால், விற்றதற்கான கடிதத்தை வங்கியிடமிருந்தே கேளுங்கள்.

"உங்க கடனை நாங்க பேசி முடிக்கிறோம்" என்று முன்பணம் கேட்கும் கம்பெனிகளையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். அவர்கள் எழுதும் அதே கடிதத்தை நீங்களே எழுதலாம்.

தவணைக்குப் பின்தேதியிட்ட காசோலை கொடுப்பது இன்னொரு கண்ணி. கார்டு பாக்கி வெறும் சிவில் விவகாரம். கட்ட முடியாததற்காகச் சிறை கிடையாது. ஆனால் கடனுக்காகக் கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு வருகிறது, அதில் இரண்டு வருடம் வரை சிறை உண்டு. இல்லாத குற்றவழக்கை நாமே எழுதிக் கொடுக்கவேண்டாம்.

பணம் வரும் வழியைக் கவனிக்காமல் விடுவது

கார்டு கொடுத்த வங்கியிலேயே சேமிப்புக் கணக்கும் இருந்தால், அதில் விழும் பணத்தை வங்கி பாக்கிக்கு எடுத்துக்கொள்ளலாம். தடைக்கால நிவாரணமோ வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பும் பணமோ அந்தக் கணக்கில் வருகிறதா என்று பேச்சு தொடங்கும் முன்பே பாருங்கள்.

செட்டில்மென்ட் தொகையைக் கந்து வட்டிக்கு வாங்குவது எல்லாவற்றிலும் மோசம். 40,000 தள்ளுபடி கிடைக்கிறது என்று 60,000-ஐப் பத்து வட்டிக்கு வாங்கினால் மாதம் 6,000. ஏழே மாதத்தில் 42,000 வட்டியாகப் போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும். அதிக வட்டி வாங்குவதைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது அது நினைவுக்கு வருவதில்லை. வீட்டில் நகை இருந்தால் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் எவ்வளவோ மேல்.

கடல் தாண்டினால் கடன் தாண்டாது என்று நினைப்பது

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் துபாய் கார்டில் பாக்கி வைத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் உண்டு. இங்கே வந்து என்ன செய்துவிடுவான் என்ற தைரியத்துக்கு 2020 ஜனவரியோடு அடிப்படை போய்விட்டது. அந்த மாதம் இந்திய அரசு ஐக்கிய அரபு அமீரகத்தைப் பரஸ்பர நாடாக அறிவித்தது. அங்குள்ள குறிப்பிட்ட நீதிமன்றங்கள் பணம் கட்டச் சொல்லித் தரும் டிக்ரியை (தீர்ப்பாணையை) இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்திலேயே நிறைவேற்றக் கேட்கலாம். அங்கே வழக்கு போடும் முன் மின்னஞ்சலில் பேசி முடிப்பதே சுலபம். மறுபடி அங்கே வேலைக்குப் போக நினைப்பவருக்கு வேறு வழியும் இல்லை.

மக்கள் நீதிமன்ற நோட்டீஸைப் பார்த்து ஒளிவது

கோர்ட் முத்திரையைப் பார்த்ததும் ஊரைவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இரு தரப்பையும் பேசவைத்துச் சமரசமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) உங்கள் சம்மதம் இல்லாமல் எதுவும் முடிவாகாது. ஏஜென்டைத் தாண்டி வங்கி அதிகாரியோடு நேருக்கு நேர் பேசக் கிடைக்கும் நல்ல இடம் அது. ஆனால் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அது டிக்ரிக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஆகவே தவணைத் தேதியை அங்கேயும் பாருங்கள். படித்துச் சொல்ல ஆள் இல்லையென்றால் ராமநாதபுரத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு.

மிரட்டலுக்கும் எல்லை இருக்கிறது. வசூல் போன் காலை 8-க்கு முன்போ இரவு 7-க்குப் பின்போ வரக்கூடாது. மனைவியையும் அண்ணன் தம்பியையும் கூப்பிட்டு அவமானப்படுத்த உரிமையில்லை. கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கடனாளி.

கடைசித் தவணை கட்டியதும் பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்கிக் கடிதம், ரசீதுகளோடு பத்திரப்படுத்துங்கள். ஒரு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுங்கள், வருடத்துக்கு ஒரு அறிக்கை இலவசம். அதில் இன்னும் பாக்கி காட்டினால் எழுதிக் கேளுங்கள். 30 நாளுக்குள் திருத்தாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம். கட்டணம் இல்லை, விவரம் கேட்க எண் 14448.