அந்தமானில் முதல் ஸ்கூபா டைவ்: மூச்சையும் காதையும் பழக்கும் முறை

கிணற்றிலோ குளத்திலோ முங்கிப் பழகியவர்களுக்கு, தலை தண்ணீருக்குள் போகும் முன் மூச்சை இழுத்து அடக்கிக்கொள்ளும் வழக்கம் உடம்போடு ஊறியிருக்கும். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களும், கயிற்றில் கட்டிய கல்லின் மேல் கால் வைத்து, மூச்சை அடக்கித்தான் கடலடிக்கு இறங்கினார்கள். ஸ்கூபா டைவிங்கிற்குப் போகிறவர் கரையிலேயே விட்டுவிட வேண்டியது அந்த வழக்கத்தைத்தான். முதுகில் காற்றுச் சிலிண்டரோடு இறங்குகிறவர் ஒரு கணமும் மூச்சை நிறுத்தக் கூடாது. முதல் டைவுக்கு வேண்டியது துணிச்சல் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்த வரையில், நிதானமாக மூச்சு விடவும் காதைக் கவனிக்கவும் தெரிந்தவர்களே கடலுக்குள் இருந்த அரைமணி நேரத்தை முழுதாக அனுபவித்துவிட்டு மேலே வருகிறார்கள்.

மூச்சை ஏன் அடக்கக் கூடாது என்பதைப் புரிந்துகொண்டால் அந்த விதி மறக்காது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அளவுக்கு அழுத்தம் கூடுகிறது. ஆகவே 10 மீட்டர் ஆழத்தில் நம்மேல் இருக்கும் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து நுரையீரல் நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு ஒருவர் மேலே வந்தால், அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் அதைத் தாங்காது. ஒன்றரை, இரண்டு மீட்டர் ஆழத்திலிருந்து மூச்சை அடக்கிக்கொண்டு எழும்பினாலும் காயம் ஏற்படலாம் என்பதால், இடுப்பளவுத் தண்ணீரில் நடக்கும் பயிற்சியிலும் இந்த விதிக்கு விலக்கு இல்லை. மூச்சை விட்டபடியே வருகிறவருக்கு விரியும் காற்று தானாக வெளியேறிவிடும்.

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு முதல் டைவுக்கு ஏற்ற இடம் என்று நான் சொல்வது அந்தமானின் ஹேவ்லாக் தீவைத்தான். 2018 முதல் அதன் அரசுப் பெயர் சுவராஜ் தீவு. ஆனாலும் படகுத்துறையில் தொடங்கி விடுதிவரை எல்லோர் வாயிலும் ஹேவ்லாக்தான். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு, அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று அழைக்கப்படும் ஊருக்கு, விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அங்கிருந்து ஹேவ்லாக்குக்குக் கப்பலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாகவும் தண்ணீர் தெளிவாகவும் இருக்கும். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் அலையும் கலங்கலும் கூடிவிடும். கரையிலிருந்தே நடந்து இறங்கக்கூடிய நீமோ ரீஃப் என்னும் பவளப் பாறைப் பகுதிதான் புதியவர்களை அதிகம் அழைத்துச் செல்லும் இடம். அங்கே ஓதத்தைப் பார்த்துத்தான் நேரம் குறிப்பார்கள் என்பதால், காலை ஆறு மணிக்கே வரச் சொன்னாலும் மறுக்காமல் போய்விடுங்கள். அந்தமானில் ஐந்து மணியளவிலேயே விடிந்துவிடும்.

பயணத் திட்டத்தில் டைவை முதல் நாட்களில் வைத்துவிடுங்கள். கடைசி நாளுக்கு ஒதுக்கியவர்கள் இரண்டு விதத்தில் ஏமாறுகிறார்கள். அன்று கடல் கொந்தளித்தால் மாற்று நாள் இருக்காது. டைவ் முடிந்தாலோ விமானம் ஏறக் காத்திருக்க நேரம் இருக்காது. ஆழத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாக உடம்பில் கரைகிறது. அது மெல்ல வெளியேறுவதற்குள் விமானத்தின் குறைந்த அழுத்தத்துக்குப் போனால், குமிழ்களாகப் பிரிந்து மூட்டுவலியில் தொடங்கி நரம்புப் பாதிப்பு வரை கொண்டுபோகக்கூடும். ஒரே ஒரு டைவ் செய்தவர் குறைந்தது 12 மணி நேரமும், பல டைவ் செய்தவர் குறைந்தது 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது என்பது டைவிங் மருத்துவ வழிகாட்டுதல். முழுதாக ஒரு நாள் இடைவெளி விடுவதே நான் கடைப்பிடிக்கும் வழக்கம். ஹேவ்லாக்கிலிருந்து கப்பலில் திரும்புவதற்கு இந்தத் தடை இல்லை.

டைவிங் மையத்துக்குப் போனவுடன் ஒரு மருத்துவப் படிவத்தை நீட்டுவார்கள். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காதில் அறுவைச் சிகிச்சை, அண்மையில் நடந்த பிற அறுவைச் சிகிச்சை, கர்ப்பம் ஆகியவற்றைப் பற்றியெல்லாம் அதில் கேட்டிருக்கும். எதையும் மறைக்காமல் எழுதுங்கள். சந்தேகம் இருப்பவர்கள் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு வருவது நல்லது. கர்ப்பிணிகள் டைவ் செய்யவே கூடாது. சளியைச் சாதாரணமாக எண்ணிவிட வேண்டாம். என் முதல் பயணத்தில் லேசான மூக்கடைப்பு இருந்தது. செலவழித்து வந்துவிட்டோமே என்ற எண்ணத்தில் படிவத்தில் ‘இல்லை’ என்று குறித்துவிட்டு இறங்கினேன். மூன்று மீட்டரைத் தாண்டுவதற்குள் இடது காதில் ஊசி குத்துவதுபோல் வலி எடுத்தது. மேலே ஏறி, டைவைக் கைவிட்டு, அடுத்த நான்கு நாட்கள் காது அடைத்தபடியே ஊரைச் சுற்றினேன். மூக்கடைப்பை மாத்திரை போட்டு அடக்கிவிட்டு இறங்குவதும் சரியான வழியல்ல. ஆழத்தில் இருக்கும்போது மருந்தின் வேகம் குறைந்தால், மேலே வரும்போது காதுக்குள் இருக்கும் காற்றுக்கு வெளியேற வழி இருக்காது. சளி பிடித்திருந்தால் அந்த முறை கரையில் இருந்துவிடுவதுதான் சரி.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? கடலில் இறங்கும் முன் ஆழமில்லாத தண்ணீரில் எவ்வளவு நேரம் பயிற்சி தருவார்கள்? எந்த மொழியில் விளக்குவார்கள்? முதல் டைவுக்கு ஒருவருக்கு ஒரு பயிற்றுநர் என்பதே மேல். பயிற்சியைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, புகைப்படமும் வீடியோவும் இலவசம் என்பதையே பெரிதாகச் சொல்லும் இடத்தை நான் தவிர்ப்பேன். மொழியைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போர்ட் பிளேரில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஹேவ்லாக்கிலோ குடியேறிய வங்காளிகளே அதிகம், டைவிங் மையங்களில் பெரும்பாலும் இந்தியும் ஆங்கிலமும்தான். சொன்னது பாதி புரிந்தாலும் தலையாட்டிவிடும் தயக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இந்த ஒரு இடத்தில் அந்தத் தயக்கம் வேண்டாம். புரியும் வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள். பாடி (PADI) போன்ற பன்னாட்டு டைவிங் பயிற்சி அமைப்புகளின் அறிமுக டைவில் குறைந்தபட்ச வயது 10, அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். நீச்சல் தெரியாதவரையும் இதில் அழைத்துச் செல்கிறார்கள். எனினும், தண்ணீர் முகத்தில் பட்டாலே பதறுகிறவர் ஊரில் நான்கு நாள் நீச்சல் குளத்தில் பழகிவிட்டுப் போவது பெரிதும் உதவும்.

நம் செய்திகளில் ‘ஆக்சிஜன் சிலிண்டர்’ என்று எழுதிவிடுகிறார்கள். முதுகில் இருப்பது வடிகட்டி அழுத்தி நிரப்பிய சாதாரணக் காற்றுதான். நிரம்பிய சிலிண்டர் சுமார் 200 பார் அழுத்தத்தைக் காட்டும்; ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம். 50 பார் மிஞ்சியிருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும் என்பது பொதுவான ஏற்பாடு. மணலில் நடக்கும்போது தோளை அழுத்தும் அந்தப் பாரம், தண்ணீர் மார்பளவு வந்ததும் இல்லாததுபோல் ஆகிவிடும். மாஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும்போது பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாகக் காற்றை உள்ளே இழுங்கள். கையை எடுத்த பின்னும் அது முகத்தில் ஒட்டி நின்றால் உங்களுக்குப் பொருத்தமானது. அடர்ந்த மீசை வைத்திருப்பவர்களுக்கு மூக்குக்குக் கீழே மெல்லிய இடைவெளி விழுந்து தண்ணீர் கசியும். மீசையின் மேல் விளிம்பைச் சற்று ஒதுக்கிக்கொண்டால் கசிவு குறையும். நெற்றி முடி ஓர் இழைகூட மாஸ்க் விளிம்புக்குள் சிக்கக் கூடாது. கண்ணாடியின் உட்புறத்தில் எச்சிலைத் தடவிக் கழுவினால் பனி படியாது. பளபளக்கும் நகைகளையும் மோதிரங்களையும் அறையில் கழற்றி வைத்துவிடுங்கள்; குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கி மோதிரம் நழுவுவதும் உண்டு.

பயிற்சியில் முதலில், சிலிண்டரின் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரைப் பல்லால் மெல்லக் கவ்வி, உதட்டை மூடி, வாயால் மட்டும் மூச்சு விடச் சொல்வார்கள். மூக்கு மாஸ்க்குக்குள் அடைபட்டிருக்கும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்த அந்தக் கணத்தில் நெஞ்சு ஒரு நொடி கட்டிக்கொள்ளும். இது எல்லோருக்கும் நேர்வது. அப்போது காற்றை இழுக்க முயலாமல், உள்ளே இருப்பதை ‘ஃபூ’ என்று நீளமாக வெளியே விடுங்கள். விட்டு முடித்ததும் அடுத்த மூச்சு தானாக உள்ளே வரும். மனதுக்குள் நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். குமிழ்கள் காதோரம் கலகலவென்று மேலே ஓடும் ஓசை சீராகக் கேட்டால் நீங்கள் சரியாக இருக்கிறீர்கள். அடுத்து ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்து, சிறு குமிழ்களை விட்டபடியே மீண்டும் பொருத்திப் பழக வேண்டும். மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, தலையைச் சற்று அண்ணாந்து, மூக்கால் காற்றை ஊத வேண்டும். தண்ணீர் கீழ்வழியாக வெளியேறிவிடும். ஆழத்தில் பதற்றம் வருவதற்கு ஒரு முக்கியக் காரணம் மாஸ்க்கில் நுழையும் கொஞ்சம் தண்ணீர். ஆகவே இந்த ஒன்றை மட்டும் கை பழகும் வரை, மூன்று நான்கு முறையாவது செய்து பாருங்கள்.

கடலுக்கடியில் பேச்சு சைகையில்தான். கட்டைவிரலை உயர்த்துவது நமக்கு ‘அருமை’. அங்கே அதற்கு ‘மேலே போகலாம்’ என்று பொருள். மகிழ்ச்சியில் கட்டைவிரலைக் காட்டினால் பயிற்றுநர் உங்களைக் கரைக்கு அழைத்து வந்துவிடுவார். நலம் என்பதற்குக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்க்க வேண்டும். விரித்த உள்ளங்கையைத் தராசுபோல் இருபக்கமும் ஆட்டினால் ஏதோ சரியில்லை என்று பொருள். அதைச் செய்துவிட்டுக் காதைச் சுட்டினால் காது வலி.

காதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் டைவ் பாதியில் நிற்பது பெரும்பாலும் காதால்தான். வெளியே தண்ணீரின் அழுத்தம் கூடும்போது செவிப்பறை உள்நோக்கி வளைகிறது; உள்ளே நடுச்செவிக்குக் காற்றை அனுப்பி அதைச் சமன் செய்ய வேண்டும். மாஸ்க்கின் மேலாகவே மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மூக்கால் மெல்லக் காற்றை ஊதினால் இரண்டு காதிலும் ‘டப்’ என்று ஒரு சிறு சத்தம் கேட்கும். வலி வந்த பிறகு செய்வது தாமதம். தலை நீருக்குள் போனதும் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஒருமுறை, வலி இல்லாதபோதே செய்துகொண்டு வாருங்கள். அழுத்தம் விகிதத்தில் மிக வேகமாக மாறுவது முதல் சில மீட்டர்களில்தான் என்பதால், அங்கேதான் அதிகக் கவனம் தேவை. காது திறக்கவில்லை என்றால் பலத்தைக் கூட்டி ஊதாதீர்கள். சைகை காட்டி அரை மீட்டர் மேலே ஏறி, எச்சிலை விழுங்கிவிட்டு மீண்டும் முயலுங்கள். மேலே வரும்போது இதைச் செய்யத் தேவையில்லை, செய்யவும் கூடாது.

இத்தனையும் கைவந்துவிட்டால் பார்ப்பதற்கு நேரம் கிடைக்கும். நீமோ ரீஃபில் மணற்சரிவு மெல்ல இறங்கிப் பவளத் திட்டுகளில் முடிகிறது. அனிமோன் என்னும் கடல் உயிரியின் அசையும் கைகளுக்குள்ளிருந்து கோமாளி மீன் ஒன்று வெளியே வந்து, உங்கள் மாஸ்க்குக்கு நேராக நின்று, இரண்டு முறை முன்னால் பாய்ந்துவிட்டு உள்ளே போய்விடும். தன் வீட்டைக் காக்கிறது அது. ஒரு முழம் தள்ளியே நின்று பாருங்கள். தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கிட்டத்திலும் தெரியும் என்பதால், தொட்டுவிடும் தூரம் என்று தோன்றுவது சற்றுத் தள்ளியே இருக்கும். சிவப்பு நிறத்தைத் தண்ணீர் முதலில் விழுங்கிவிடுவதால் பத்து மீட்டரில் சிவப்பு கறுத்துப் பழுப்பாகத் தெரியும்.

பவளத்தின் மேல் கையும் வைக்காதீர்கள், காலும் ஊன்றாதீர்கள். பாறை என்று பெயர் இருந்தாலும் அது உயிருள்ளது. ஒருமுறை உதைத்து முறித்தது மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும். 2010-இல் கடல் சூடேறியபோது அந்தமானின் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போயின. மிஞ்சியதும் மீண்டதும்தான் இன்று நாம் பார்ப்பவை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பவளங்களைக் காக்கிறது. கரையில் கிடக்கும் செத்த துண்டையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டாம். கல்லோடு கல்லாகக் கிடக்கும் நச்சு முள் மீன்களும் அங்கே உண்டு என்பதால் கையை வைக்காமல் இருப்பது உங்களுக்கும் பாதுகாப்பு.

பதற்றம் வந்தால் மேலே பாய வேண்டும் என்றுதான் உடம்பு சொல்லும். அப்போது அசைவை நிறுத்துங்கள். பயிற்றுநரின் கையைப் பிடித்து, மூன்று நீண்ட மூச்சுகளை விட்டு, பிறகு சைகை காட்டுங்கள். அவர் உங்களை நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாத வேகத்தில், மூச்சை விட்டபடியே மேலே கொண்டுவருவார். போதும் என்று தோன்றினால் எந்த ஆழத்திலும் திரும்பிவிடலாம், அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

டைவுக்கு முந்தைய இரவு மது வேண்டாம். காலையில் இரண்டு இட்லி அளவு லேசாகச் சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். படகில் போகும் டைவ் என்றால், குமட்டலுக்கான மாத்திரையை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கரைக்கு வந்த பின் ஒரு நாள் வரை காதில் தண்ணீர் தங்கியதுபோல் இருப்பது வழக்கம்தான். வலி நீடித்தாலோ, கேட்பது மந்தமானாலோ, மூட்டு வலியோ மரத்துப்போதலோ தலைசுற்றலோ தெரிந்தாலோ, டைவ் செய்ததைச் சொல்லி அன்றே மருத்துவரைப் பாருங்கள்.