மொட்டை மாடியில் 'டைட்டானிக்': வேட்டித் திரை கட்டும் முறை

படத்தின் அகல உயர விகிதம் 2.39:1. பத்தடி அகலத்துக்கு உயரம் 50 அங்குலம் வரும். எட்டு முழ வேட்டியின் அகலமும் ஏறக்குறைய அதுதான்! மெல்லிய கரையுள்ள கனத்த வேட்டியாக எடுங்கள். பின்னால் கறுப்புத் துணி கட்டாவிட்டால் ஒளி ஊடுருவிப் படம் வெளிறும். நாலு மூலையோடு கீழ்விளிம்பையும் இழுத்துக் கட்டுங்கள்; மதுரையில் ராத்திரிக் காற்று சட்டென்று கிளம்பும்.

ப்ரொஜெக்டரின் த்ரோ விகிதம் (திரைக்குள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தது) 1.5 என்றால் 15 அடி தள்ளி வையுங்கள்.

கப்பல் மூழ்கும் பகுதி முழுக்க இருட்டு. தெருவிளக்கு திரையில் பட்டால் அத்தனை உழைப்பும் வீண். விளக்குக்கு முதுகு காட்டித் திரையைக் கட்டுங்கள், நன்றாக இருட்டிய பிறகே தொடங்குங்கள்.

ப்ளூடூத் ஸ்பீக்கரில் உதட்டசைவுக்குப் பின்னால் வசனம் வரும், ஒயர் போடுங்கள்.

படம் 3 மணி 14 நிமிடம். 250 வாட் ப்ரொஜெக்டர் 800 வாட்-மணிக்கு மேல் இழுக்கும். கரண்ட் போனால் தாங்க, 150 ஆம்பியர்-மணி பேட்டரியுள்ள இன்வெர்ட்டரில் மாட்டுங்கள். ஃபேனை அதில் சேர்க்காதீர்கள். இடைவேளையைப் பனிப்பாறை மோதிய பிறகு விடுங்கள், முன்னால் வேண்டாம்.

சித்திரை என்றால் சாயங்காலமே தளத்தில் தண்ணீர் ஊற்றிவிடுங்கள், உட்கார முடியும்.